நஞ்சற்ற உணவும் ஐந்து ஜனாதிபதிகளும்

வன்னி வயல்களின் வரலாறு: அத்தியாயம் 23

கண்ணிவெடி அகற்றிய காணிகளுக்குத் திரும்பிய சனம் முதற்போகத்தை விதைத்து அறுத்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த வயலில் எதைப் போடலாம், எதை அடிக்கலாம் என்று தீர்மானித்தவர்களின் கதை இது. அவர்களில் ஒருவரும் பரந்தனிலோ முத்தையன்கட்டிலோ வயல் வைத்திருந்தவரல்லர்.

கிளைபோசேற் என்ற ஒரே ஒரு களைநாசினியை எடுத்துக்கொள்வோம். 2014 மார்ச்சில் அதைத் தடைசெய்வதாக அறிவித்தார்கள். மே மாதம் அந்த அறிவிப்பைக் கிடப்பில் போட்டார்கள். டிசம்பரில், சிறுநீரக நோய் கூடிய பிரதேசங்களில் மட்டும் விற்கக்கூடாது என்றார்கள். 2015இல் நாடு முழுவதும் தடை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்கு. 2021 நவம்பரில் தடை நீங்கியதாக வர்த்தமானி வந்தது. வந்த வேகத்திலேயே அது மீளப்பெறப்பட்டது. 2022 ஆகஸ்டில் மறுபடி அனுமதி. எட்டரை ஆண்டுக்குள் இத்தனை முடிவுகள். 2014 டிசம்பர் முடிவு ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னர் வந்தது. 2015இன் முடிவு புதிய ஜனாதிபதி வந்து அரை ஆண்டுக்குள். 2021இன் குழப்பம் இருந்தவரின் நாற்காலி ஆடத் தொடங்கிய நேரம். 2022இன் முடிவு அவர் நாட்டைவிட்டுப் போன அடுத்த மாதம்.

உணவில் நஞ்சு உண்டா என்பது ஆய்வுகூடம் பதில் சொல்லவேண்டிய கேள்வி. இலங்கையில் அது எப்படி ஜனாதிபதி மாளிகையின் கேள்வியாக மாறியது? அதற்கு 1980க்குப் போகவேண்டும்.

கடைக்கு ஒரு சட்டம், வயலுக்கு ஒரு சட்டம்

ஜே.ஆர். ஜயவர்தன திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. துறைமுகத்தில் வெளிநாட்டு உணவும் மருந்தும் குவிந்தன. 1949ஆம் ஆண்டின் பழைய உணவு, மருந்துச் சட்டம் அந்த வெள்ளத்துக்குப் போதவில்லை. 1980இல் பாராளுமன்றம் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது.

முதற்சட்டத்தின் கையும் காலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். "பி.எச்.ஐ. வாறார்" என்ற சொல் கேட்டதும் கடைக்காரர் வடைத்தட்டை மூடுவதும், தேநீர்க்கடைப் பெடியன் மேசை துடைப்பதும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்றைக்கும் காணக்கூடியவை. சந்தேகப்பட்ட மிளகாய்த்தூளை அவர் வாங்கி, மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றையும் முத்திரையிடுவார். ஒரு பங்கு கடைக்காரரிடம் இருக்கும், ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும், ஒரு பங்கை அவர் வைத்துக்கொள்வார். நாளைக்கு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் இரு தரப்புக்கும் ஆதாரம் கையில் இருக்கவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இந்தச் சட்டத்தின் தலைமைப் பொறுப்பு சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்துக்கு உரியது.

இரண்டாவது சட்டம் பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ் பீடைநாசினிப் பதிவாளர் என்ற பதவியை உண்டாக்கியது. எந்தக் கிருமிநாசினியை நாட்டுக்குள் விடலாம், எதை நிறுத்தலாம் என்பதை ஒரு தொழில்நுட்பக் குழுவின் ஆலோசனையோடு தீர்மானிப்பது அவர் வேலை.

இரண்டு சட்டத்திலும் அதிகாரம் துறை தெரிந்தவர்களின் மேசைக்குப் போனது. குறையும் இருந்தது. கடைத்தெருவில் பி.எச்.ஐ.யின் கண்ணுக்குப் படுவது பூஞ்சணம் பிடித்த பருப்பும் சாயம் கலந்த தூளும்தான். போன கிழமை கத்தரிக்கு என்ன அடித்தார்கள் என்பது பார்வைக்குத் தெரியாது. வயலில் அடித்தது தட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று ஒழுங்காக அளந்து, அளந்ததை ஊருக்குச் சொல்லும் வழக்கம் வளரவேயில்லை. அளவு இல்லாத இடத்தில் அச்சம் குடியேறியது. அந்த அச்சத்தைப் பிற்காலத்து அரசியல்வாதிகள் நன்றாகவே அறுவடை செய்தார்கள்.

தடைப்பட்டியலுக்குப் பழகிய மண்

ஆட்சி மாறினால் வயலுக்கு வரும் பொருளும் மாறும் என்பதை நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு முன்னரே வன்னி படித்துவிட்டது. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதும், பிரேமதாச அரசு புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பொருளாதாரத் தடை விதித்தது. வெடிமருந்து செய்யலாம் என்ற காரணத்தால் யூரியா தடைப்பட்டியலில் ஏறியது. பற்றரி, சீமெந்து, எரிபொருள் என்று பட்டியல் நீண்டது. உணவு அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகம் வழியாக அளந்து வந்து, சங்கக்கடைகளில் கூப்பனுக்குப் பங்கிடப்பட்டது. அந்த அரிசியின் தரத்தைப் பற்றி முறைப்பாடு செய்ய எந்தச் சட்டத்தைத் தூக்குவது? வந்ததே பெரிது.

1994 ஆகஸ்டில் சந்திரிகா குமாரதுங்க பிரதமராகி, நவம்பரில் ஜனாதிபதியானார். தடைப்பட்டியல் தளர்ந்தது. 1995 ஏப்ரலில் போர் மறுபடி தொடங்கப் பட்டியலும் திரும்பி வந்தது. 2002 ஜனவரியில் ரணில் விக்கிரமசிங்க பிரதமராக இருந்தபோதுதான் பெரும்பாலான தடை நீங்கியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் வன்னிக் கமக்காரர் மாட்டெருவையும் வேப்பங்கொட்டையையும் கிளிசரிடியாத் தழையையும் நம்பித்தான் கமம் செய்தார்கள். பிற்பாடு கொழும்பில் சிலர் இயற்கை விவசாயத்தைப் புதுக்கண்டுபிடிப்புப் போலப் பேசியபோது, வன்னியில் வயது போனவர்கள் சிரித்ததற்குக் காரணம் உண்டு. பசளை இல்லாத விளைச்சல் ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும், அதில் கடன் போக மிச்சம் என்ன என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

இதே 1995இல் பேராதனையில் சத்தமில்லாமல் இன்னொரு தடை வந்தது. மொனோகுரோட்டபொஸ், மெதமிடபொஸ் என்ற கொடிய கிருமிநாசினிகளைப் பதிவாளர் நிறுத்தினார். 1998இல் எண்டோசல்பானும் போனது. அப்போது இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிகக் கூடியவற்றுள் ஒன்று. நஞ்சு குடித்தவர்களில் எவர் எதைக் குடித்து இறந்தார் என்ற ஆஸ்பத்திரிக் கணக்கை வைத்து, ஆளைக் காப்பாற்றவே முடியாத நஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மாற்று மருந்து சந்தையில் இருப்பதையும் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த இருபது ஆண்டில் தற்கொலை வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. நெல் விளைச்சல் இதனால் விழவில்லை என்பதையும் பின்னைய ஆய்வுகள் காட்டின. எந்த மேடையிலும் இதை யாரும் வாக்குறுதியாகக் கொடுத்ததில்லை. இந்த அத்தியாயத்தின் மிச்சப் பகுதியைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

முன்னூற்றைம்பது ரூபா மூட்டை

2005இல் மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலில் நெற்கமக்காரருக்கு 50 கிலோ பசளை மூட்டை 350 ரூபா என்று வாக்களித்தார், வென்றதும் கொடுத்தார். சந்தை விலையில் அது ஒரு சிறு துண்டு. போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கியபோது அந்த மூட்டை கமநல சேவை நிலையங்கள் வழியாக வன்னிக்கும் வந்தது. மாடுகள் போரில் செத்தோ சிதறியோ போயிருந்தன, எருவுக்கு வழியில்லை. பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஜி. இன நெல்கள் பசளை போட்டால் விளைச்சலைக் கொட்டும். போடாவிட்டால் முகத்தைச் சுளிக்கும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்கள் பொறுத்துக்கொண்ட மண்ணை இவை பொறுத்துக்கொள்ளா. மலிந்த யூரியா, புதிய இனம், வாடகை உழவு இயந்திரம், கூலிக்கு ஆள் இல்லாததால் களைநாசினி: சில ஆண்டுக்குள் வன்னி வயலின் கணக்கு முழுவதும் இந்த நான்கின்மேல் நின்றது.

அப்போது மறுபக்கத்தில் இன்னொரு கதை முற்றிக்கொண்டிருந்தது. 1990களின் நடுவில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரரின் சிறுநீரகம் பழுதாவதைக் கவனித்தார்கள். மதவாச்சி, பதவியாவைத் தாண்டி வவுனியா மாவட்டத்திலும் நோயாளிகள் இனங்காணப்பட்டார்கள். நோய் முற்றும்வரை வெளியே தெரியாது. தெரியவரும்போது கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணிநேரம் அளவில், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் படுக்கவேண்டிவரும். வயலில் இறங்கும் கால் அத்தோடு நின்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் 2009 தொடக்கம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் என்ற பார உலோகம் கூடியிருந்தது. நோய்ப் பிரதேசத்துத் தாமரைக்கிழங்கிலும் புகையிலையிலும் அது கூடுதலாகக் காணப்பட்டது. அரிசியில் அனுமதித்த எல்லையை அது தாண்டவில்லை. ஒரே காரணம் என்று எதையும் அந்த ஆய்வு சுட்டவில்லை. 2014 தொடக்கத்தில் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமன முதலானோர் ஓர் எடுகோளை வெளியிட்டார்கள்: கிளைபோசேற், கடினநீர், பார உலோகம் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பது அது. நிரூபித்த முடிவு என்று அவர்களே அதை முன்வைக்கவில்லை. ஆனால் அரசியலுக்கு அது போதும். அடுத்த மாதமே தடை அறிவிப்பு வந்தது. தேயிலைத் துரைமார் முகம் சுழிக்க, மே மாதம் அது கிடப்புக்குப் போனது. தேர்தல் வந்தபோது டிசம்பரில் மறுபடி எழும்பியது.

சுகாதார அமைச்சர் ஜனாதிபதியானார்

2014 நவம்பரில் மைத்திரிபால சிறிசேன அரசைவிட்டு வெளியேறிப் பொது வேட்பாளரானார். பொலன்னறுவைக் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை; விவசாய அமைச்சராகவும் பின்னர் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். உணவு விடயத்தில் கடுமையானவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. 2013 ஆகஸ்டில் நியூசிலாந்துப் பால்மாவில் டி.சி.டி. என்ற இரசாயனம் இருப்பதாக உள்ளூர் ஆய்வுகூடம் சொன்னபோது, அவருடைய அமைச்சு விற்பனையை நிறுத்தியது. நீதிமன்றமும் தற்காலிகத் தடை விதித்தது. அந்தப் பால்மாவை விற்ற பொன்ரெரா நிறுவனம் இலங்கையில் வேலையையே சில நாள் நிறுத்தியது. டி.சி.டி. அந்த அளவில் உடலுக்குக் கேடில்லை என்று நிறுவனம் வாதிட்டது. யார் சரி என்பதைச் சனம் அறிந்துகொள்வதற்கிடையில் பால்மா கடைக்குத் திரும்பிவிட்டது. நாடு அதிலிருந்து பெற்ற பாடம் ஆய்வுமுறையைப் பற்றியதல்ல. உணவில் நஞ்சு என்ற பேச்சு எவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கும் என்பதைப் பற்றியது.

2015 ஜனவரி 8ஆம் திகதி வன்னித் தேர்தல் மாவட்டம் 78 வீதத்துக்கு மேற்பட்ட வாக்கைச் சிறிசேனவுக்கு அள்ளிக் கொடுத்தது. காணி, காணாமற்போனோர், இராணுவ முகாம் என்று வன்னிச் சனத்தின் மனதில் இருந்த காரணங்கள் வேறு. தெற்கில் அவர் மேடையில் இருந்த அத்துரலியே ரத்தன தேரருக்கு நஞ்சற்ற விவசாயம் முதன்மையான கோரிக்கை. அந்த ஆண்டின் நடுவில் கிளைபோசேற் நாடு முழுவதும் தடையானது. 2016 மார்ச்சில் ஜனாதிபதியின் கீழ் இயங்கிய நிறுவனமொன்றினூடாக நஞ்சற்ற நாடு என்ற மூன்றாண்டுத் திட்டம் தொடங்கியது. 350 ரூபா மூட்டை போய், பசளைக்குப் பதில் காசு வந்தது. 2018இல் காசு போய் 500 ரூபா மூட்டை வந்தது.

தடைக்குப் பிறகு களை நிற்கவில்லை. வசதி உள்ளவர் வேறு மருந்து தேடினார்; இல்லாதவர் கள்ளச்சந்தையில் லேபல் இல்லாத போத்தல் வாங்கினார். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடிப்பதைவிட ஆபத்து வேறென்ன? தேயிலைத் தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினிக்கு மாறின. 2018இல் ஜப்பான் இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. எச்சம் எல்லை மீறியிருப்பதைப் பிடித்தது. ஒரு நஞ்சை விலக்கப்போய் இன்னொன்றைக் கோப்பைக்குள் இறக்கியதை இலங்கையின் ஆய்வுகூடத்துக்கு முன்னர் ஜப்பானின் ஆய்வுகூடம் கண்டுபிடித்தது. அந்த ஆண்டே தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேற் திரும்பியது. நெல்லுக்கு இல்லை. ஏற்றுமதிப் பயிருக்கு வாய் இருந்தது.

வவுனியாவின் நோய்ப் பிரதேசங்களில் இந்தக் காலத்தில் உருப்படியாக நடந்தது ஒன்று உண்டு: கிராமங்களில் ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் பூட்டப்பட்டன, கடற்படையின் பங்கும் அதில் இருந்தது. கடினநீர்க் கிணற்றை விட்டுப் பிளாஸ்ரிக் கலனோடு வரிசையில் நிற்பது அன்றாட வழக்கமானது. அதற்கு வர்த்தமானிப் போர் எதுவும் தேவைப்படவில்லை.

மே 6, 2021

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். வன்னித் தேர்தல் மாவட்டம் 82 வீதம் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்திருந்தது. 'சுபீட்சத்தின் நோக்கு' என்ற கோட்டாபயவின் கொள்கைப் பிரகடனம் பத்து ஆண்டில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்றது. பதவிக்கு வந்த கையோடு அவர் செய்தது நேர் எதிரானது: நெல்லுக்கு இரண்டு ஹெக்ரேயர் வரை இரசாயனப் பசளை இலவசம். வன்னிக் கமக்காரர் யூரியாவோடு மேலும் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒன்றரை ஆண்டு போவதற்குள் அந்தப் பத்து ஆண்டு ஒரே இரவாகச் சுருங்கியது. 2021 ஏப்ரல் இறுதியில் அமைச்சரவை முடிவு. மே 6ஆம் திகதி வர்த்தமானி. இரசாயனப் பசளை, கிருமிநாசினி, களைநாசினி இறக்குமதி அத்தனையும் தடை. மக்களின் உடல்நலமும் நஞ்சற்ற உணவுக்கான உரிமையும் காரணமாகச் சொல்லப்பட்டன. கொரோனாவால் டொலர் வற்றிப்போயிருந்தது என்பதும், பசளைக்கு ஆண்டுக்கு 40 கோடி டொலர் போகிறது என்று அரசே கணக்குச் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டு காரணத்தையும் கலந்துவிட்டதால், எதைப் பற்றியும் நேர்மையாகப் பேச இடமில்லாமல் போனது.

இங்கே வன்னியின் ஒரு பழைய ஏற்பாட்டைச் சொல்லவேண்டும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் பயிருக்கு மதகு திறப்பதென்றால் அதற்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கவேண்டும். அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்வார். கமக்கார அமைப்புகள் எழும்பி வாதாடும். விதைப்புக்குக் கடைசி நாள், எத்தனை மாத நெல், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், மாட்டை எந்தத் திகதிக்குள் கட்டவேண்டும் என்று எல்லாம் அங்கே முடிவாகும். முடிவானது நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி கட்டுப்படுத்தும், மீறினால் வழக்கு. கிளிநொச்சியில் ஒரு வாய்க்காலுக்கு இவ்வளவு பேச்சு. நாடு முழுவதன் பசளையை நிறுத்த ஒரு கூட்டமும் இல்லை. வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்து, தேர்தல் நடக்கவில்லை. மாகாணத்தில் எதிர்த்துக் கேட்கத் தெரிவான விவசாய அமைச்சரும் இல்லை. ஆளுநர் ஜனாதிபதியின் ஆள்.

கணக்கு மிகவும் எளிது. ஒரு 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியாவை ஈடுகட்ட 2.3 தொன்னிலிருந்து 4.6 தொன் வரை கூட்டெரு வேண்டும். அதைச் செய்ய மாடு எங்கே, ஏற்ற உழவு இயந்திரத்துக்கு டீசல் எங்கே? ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவம் வந்து இறங்கியது. நூற்றுக்கு நான்கு பங்கு நைதரசன் கொண்ட இப்கோ நிறுவனத்தின் திரவம், அரை லீற்றர்ப் போத்தலில் மொத்தம் 20 கிராம். ஒரு போத்தல் ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். கிலோவுக்கும் கிராமுக்கும் உள்ள தூரத்தைப் பயிர் அறியும்.

2021/22 காலபோகம் ஒக்ரோபர் மழையோடு விதைக்கப்பட்டது. அடிக்கட்டுப் பசளை இல்லை. முளைத்து இரண்டு கிழமையில் மேற்கட்டாகப் போடவேண்டிய யூரியாவும் இல்லை. கீழிலை முதலில் வெளிறி, நுனியிலிருந்து மஞ்சளாகி, அந்த மஞ்சள் மெல்ல மேலேறியது. மட்டம் வெடிக்கவேண்டிய நாற்று இரண்டு மூன்று தூரோடு நின்றது. கோரைக்கும் பன்றிநெல்லுக்கும் மருந்து இல்லாததால் அவை முந்திக்கொண்டன. குடலைப் பருவத்தில் வயலைப் பார்த்தவருக்கு அறுவடை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கமக்காரர் பசளை கேட்டு வீதிக்கு வந்தார்கள். தெற்கிலும் அதே கோரிக்கை. போருக்குப் பிறகு வடக்கும் தெற்கும் ஒரே சொல்லைச் சொன்ன அரிய நேரம் அது.

இந்தக் குழப்பத்துக்குள் ஒரு மேசை மட்டும் தன் வேலையைச் செய்தது. சீனாவின் கிங்டாவோ சீவின் நிறுவனத்திடமிருந்து 99,000 தொன் சேதனப் பசளை வாங்க ஒப்பந்தமாகியிருந்தது. மாதிரியைச் சோதித்த தாவரத் தொற்றுக்காப்பு நிலையம், பயிருக்கு நோய் தரக்கூடிய பக்றீரியா இருப்பதாகச் சொல்லி அனுமதி மறுத்தது. கப்பல் கடலில் சுற்றியது. நிறுவனம் அந்த முடிவை மறுத்தது. பணத்தைக் கொடுக்காத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் 2022 ஜனவரியில் இறக்காத சரக்குக்கு ஏறத்தாழ 70 லட்சம் டொலர் கொடுத்து இலங்கை தலையை விடுவித்துக்கொண்டது. 2021 நவம்பரில் கிளைபோசேற் தடையை நீக்கி வர்த்தமானி வெளியிட்ட பீடைநாசினிப் பதிவாளருக்கு வேறு கதி: வர்த்தமானி மீளப்பெறப்பட்டது, அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சட்டம் 1980இல் அவருக்குக் கொடுத்த மேசையின் பெறுமதி அன்று எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

2021 ஆகஸ்ட் இறுதியில் அரிசியையும் சீனியையும் பதுக்குவோரைப் பிடிப்பதற்கென்று ஓர் இராணுவ மேஜர் ஜெனரல் அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். கொழும்புக்கு அது புதிய பதவிப்பெயர் போல இருந்திருக்கலாம். தடைக்காலத்தில் அந்தப் பெயரால் வந்த நிவாரண அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் வன்னியில் இருந்தார்கள்.

போனவரும் வந்தவர்களும்

2021 நவம்பர் 24ஆம் திகதி அரசு பின்வாங்கித் தனியார் இறக்குமதிக்கு வழிவிட்டது. காலபோகத்துக்கு அது பிந்திய மழை. 2022இல் நெல் உற்பத்தி 30 லட்சம் தொன், முந்திய ஆண்டைவிட 42 வீதம் குறைவு என்று உலக உணவு, விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து மதிப்பிட்டன. 63 லட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை. நஞ்சற்ற உணவு தருவதாகத் தொடங்கிய திட்டம் உணவே இல்லாத இடத்தில் வந்து நின்றது. யூரியா மூட்டை கள்ளச்சந்தையில் 40,000 ரூபாவைத் தொட்டது. ஜூலை 13ஆம் திகதி ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார்.

ரணில் விக்கிரமசிங்க பதவியேற்ற காலத்தில் இந்தியக் கடனில் வந்த யூரியா மூட்டை 10,000 ரூபாவுக்குக் கமநல நிலையங்களில் கிடைத்தது. ஆகஸ்டில் கிளைபோசேற்றும் திரும்பியது. அதன் பாதுகாப்பைப் பற்றிய புது ஆய்வு எதுவும் மேசைக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை.  2024 செப்ரெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகி, முதற்கிழமையிலேயே நெல்லுக்கான பசளை மானியத்தை ஹெக்ரேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ஆக்குவதாக அறிவித்தார். பொதுத் தேர்தல் முடியும்வரை அதை நிறுத்திவைக்கும்படி தேர்தல் ஆணைக்குழு பணித்தது. தேர்தலும் பசளையும் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பதை ஓர் அரச நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது.

இந்தப் பத்து ஆண்டின் இழப்பை விளைச்சலில் மட்டும் எண்ணக்கூடாது. வவுனியாவின் சிறுநீரக நோயாளி பொய்யல்ல. தோட்டக்காணியில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அளவு மீறி அடிக்கப்படும் மருந்து பொய்யல்ல. அறுவடைக்கு எத்தனை நாள் முன்னர் மருந்தை நிறுத்தவேண்டும் என்று போத்தலில் எழுதியிருப்பதை எவர் பார்க்கிறார் என்ற கேள்வியும் பொய்யல்ல. ஆனால் 2021க்குப் பிறகு வன்னியில் ஒரு விவசாயப் போதனாசிரியர் கூட்டெருவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "இன்னொரு வர்த்தமானியோ?" என்று கேட்கத்தான் வாய் வரும். உண்மையான ஆபத்தைப் பற்றிய பேச்சுக்கே மதிப்பில்லாமல் செய்தது அந்த ஆணை.

எந்த விதி நின்றது, எது விழுந்தது என்று பார்த்தால் விடை தெளிவு. 1995இல் நிறுத்திய நஞ்சுகள் இன்றும் நிறுத்தப்பட்டபடியே இருக்கின்றன. சந்திரிகா முதல் அநுர வரை ஆறு ஜனாதிபதிகளில் ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கு அதற்கு அடித்தளம், மாற்று மருந்து அதற்குத் துணை, கட்சிக்கொடி எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்து முடிவையும் ஆட்சி மாற்றம் அசைப்பதில்லை, ஏனென்றால் கட்டுப்படவேண்டியவர்கள் அந்த மண்டபத்தில் இருந்து கையுயர்த்தியவர்கள். பதவியேற்ற சூட்டில் எழுதிய தடைகளோ எழுதியவரோடு போய்விட்டன. வன்னிக்கு இப்போது வேண்டியது இன்னொரு ஜனாதிபதியின் வாக்குறுதியல்ல. கிளிநொச்சிச் சந்தைக் கத்தரிக்காயிலும் செட்டிகுளத்து நெல்லிலும் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு போகமும் அளந்து, அந்த அளவைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தமிழில் வாசிக்கும் ஓர் ஒழுங்கு. 1980இன் இரண்டு சட்டமும் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. அதற்குப் புதிய வர்த்தமானிகூட வேண்டியதில்லை.

அடுத்த அத்தியாயம் ஆனையிறவு உப்பளத்தைப் பற்றியது. அயடீன் சேர்த்த உப்பு நாட்டில் கட்டாயமான காலத்தில், நாட்டின் பெரிய உப்பளங்களில் ஒன்று ஏன் போர்முனையாக இருந்தது என்பதை அங்கே பார்ப்போம்.

(தொடரும்)